எட்டாவது குழி

விடைபெறும் கூட்டத்தில் இயக்குநர் ஒல்மெதோ
என் கட்டுரைகளை எண்ணிச் சொன்னார்: தொண்ணூற்று நான்கு.
கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள்.
எந்த எண்ணிக்கையிலும் வராத ஒரு கண்ணாடித் தகட்டை
நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெர்காமினோவில் மக்காச்சோளம் அறுக்கும் மாதங்கள்
காய்ச்சலின் மாதங்களும்தான்.
வயலோரப் புல்லில் சுண்டுவிரல் நீள எலி.
அது பெய்த மூத்திரம் காய்ந்து தூசியாகும்,
தூசி, அறுப்பவன் மூச்சாகும்.
ஒரு வாரத்தில் ஈறில் இரத்தம்.
இதைத்தான் முப்பத்தொரு வருடம் படித்தேன்:
ஓட்ஸும் மாட்டுக் கொழுப்பும் வைத்த பொறிகள்,
உறைபனி மிதித்து விடியலில் அள்ளிய எலிகள்,
பெயருக்குப் பதில் எண் எழுதிய குப்பிகள்.

இருட்டறை. நுண்ணோக்கி.
தகட்டுக்கு எட்டுக் குழி.
ஏழில் நோயாளிகளின் சீரம்,
எட்டாவதில் நோய் தொடாத ஒருவரின் சீரம்.
அது ஒளிரக் கூடாது.
அது இருண்டு கிடந்தால்தான்
மற்ற ஏழின் பச்சையை நம்பலாம்.
அந்த ஒருவர் நான்.
செலவில்லை, பக்கத்திலேயே இருக்கிறேன்,
கையை நீட்டினால் போதும்.

எண்பத்து நான்கு ஜூன், செவ்வாய்க்கிழமை.
பழைய குப்பி தீர்ந்து, காலையில்தான்
புதிதாகக் குத்தி எடுத்திருந்தோம்.
இரவு எட்டாவது குழி பச்சையாக எரிந்தது.

எவாரிஸ்தோவைத் திட்டினேன்.
குப்பியை மாற்றிவிட்டாய், ஒழுங்காகக் கழுவவில்லை,
மனம் கால்பந்து மைதானத்தில் இருக்கிறது என்றேன்.
அவன் வாய் திறக்காமல் மறுபடி செய்தான்.
மறுபடி.
மறுபடி.
அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.
மாடு குடிக்கும் தொட்டியில் பாசி படர்ந்ததுபோல்
என் இரத்தம் எனக்குத் தெரியாததைச்
சொல்லிக்கொண்டிருந்தது.

ஊழியர் எல்லோரின் இரத்தமும் சேமிப்பில் உண்டு.
என்னுடையதை மட்டும் நான் சோதித்ததே இல்லை.
நள்ளிரவில் உறைபெட்டியைக் குடைந்தேன்.
எண்பத்தொன்று, இருட்டு.
எண்பத்திரண்டு, இருட்டு.
எண்பத்து மூன்று ஏப்ரல் தொடக்கம், இருட்டு.
அக்டோபர், பச்சை.

நடுவில் என்ன நடந்தது?
மே மாதம் மூன்று நாள் காய்ச்சல், முதுகு வலி.
ரொசாரியோ பேருந்தின் குளிர் என்று நினைத்தேன்.
ஆல்தோ பூசணி சூப் வைத்துக் கொடுத்தான்,
உப்பு அதிகம் என்று சண்டை போட்டேன்.
நாலாம் நாள் பொறி பார்க்கப் போய்விட்டேன்.

அதே வாரம் ஆறாம் எண் படுக்கையில்
ஃபெர்மின் ஸ்காக்லியா, வயது இருபத்திரண்டு.
என் பொறிகள் இருந்த அதே வயலின் அறுப்புக்காரன்.
ஊசி ஏற்றும்போது கேட்டான்:
நேரமாகுமா டாக்டர், மழை வருகிறது,
இன்னும் நாற்பது ஹெக்டேர் நிற்கிறது.
ஞாயிறன்று போய்விட்டான்.
மழையும் வரவில்லை.

அதன் பிறகு எழுதியவை எல்லாம்
ஒரே கேள்வியின் வேறு வேறு தலைப்புகள்.
இன்டர்ஃபெரானைக் கேட்டேன், டி செல்களைக் கேட்டேன்,
மூச்சில் போன தூசியின் அளவைக் கேட்டேன்.
ஒவ்வொன்றும் கொஞ்சம் சொன்னது.
அதிர்ஷ்டம் என்ற சொல்லை
எந்த ஆய்விதழும் அச்சிடாது.
என் பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டார்கள்,
மஞ்சள் பை, அதன் மேல் ஒரு எண்.
யாருக்கு ஏறியது, பிழைத்தார்களா,
தெரிந்துகொள்ள விதியில் இடமில்லை.

ஃபெர்மினின் சீரம் இன்னும் ஒரு மில்லி இருக்கிறது,
மூன்றாம் தட்டின் கடைசியில்.
ஒவ்வொரு சோதனைக்கும் அது பொருத்தமாக இருக்கும்.
ஒவ்வொரு முறையும் வேறொரு குப்பியை எடுத்துவிடுவேன்.
புதிதாக வருபவர்கள் காரணம் கேட்டால்
அளவு போதாது என்பேன்.

அந்தப் புதன்கிழமை காலை
கண் எரிய மாட்டே தேநீர் உறிஞ்சிக்கொண்டு
எவாரிஸ்தோவிடம் மன்னிப்புக் கேட்டேன், பாதி வாக்கியத்தில்.
அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை.
எட்டாவது குழிக்கு இனி ஆள் வேண்டுமே என்றான்,
சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டே.
எனக்குக் காய்ச்சலே வந்ததில்லை டாக்டர்.

இரு, என்றேன்.
முதலில் பார்த்துவிடுவோம்.