எண்பத்தெட்டாவது பிளேன்ரீ

விண்ணப்பத்தின் ஆறாம் பக்கம்
'நிலைபேறான தன்மையை விளக்குக' என்றது,
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.
உவர்மலைப் போட்டோக்கொப்பிக் கடை பூட்டமுதல்
நூற்றறுபதில் முடித்துக்கொண்டோம்.
மிச்சம் நாப்பதும் அவங்களுக்கு இனாம்
என்றான் கேதாரன்.

கேட்டது மூன்று இலட்சம்.
வந்தது ஒன்று இருபது.
வெட்டுப்பட்டவை: ஒத்திகை மண்டபம்,
கிண்ணியாவிலிருந்து ஜெசீமா வந்துபோகும் பஸ் காசு,
மத்தளத்துக்குப் புதுத் தோல்.
வெட்டாமல் விட்டது பதாகை.
பத்தடிக்கு ஆறடி,
நிதி தந்தோரின் இலச்சினை
தெளிவாகத் தெரியவேணும்.
சிற்றுண்டியும் எப்படியோ தப்பியிருந்தது,
ஆளுக்கு ஐம்பது ரூபாய்.

சல்லிக் கரையில் ஒரு வாடியின் பின்னால்
ஒத்திகை பார்த்தோம்.
மூன்றாம் நாளே வலை பொத்துகிறவர்கள்
நாங்கள் மறந்த வசனத்தை
ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் எடுத்துத் தந்தார்கள்.
கோட்டை வாசலில் ஒட்டிய சுவரொட்டிகளை
மான்கள் நக்கி உரித்துத் தின்றன.
கோதுமைமாப் பசை. ருசி போலும்.
இதையெல்லாம் எழுத
முன்னேற்ற அறிக்கையில் பெட்டி இல்லை.

தொலைந்த ஆட்டைத் தேடும் ஒருத்தியின் கதை.
கடைசியில் அவளுக்காக
ஊர் முழுக்க ஆடாய்க் கத்தும்.

பதிவேட்டை நான்தான் கொண்டு திரிந்தேன்.
பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம்.
எண்பத்தேழு பேர் வைத்தார்கள்.
கவிழ்த்த தோணியில் சாய்ந்திருந்த அம்மா
பேனையை வாங்கவில்லை.
"எத்தினை பேப்பரில வைச்சிட்டன் தம்பி."
அவ்வளவுதான் சொன்னா.
கொப்பியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
பிளேன்ரீ எடுத்துக் கொடுத்தேன்.

ஊர் ஆடாய்க் கத்தியபோது
சிரித்த சிரிப்பில் அவவின் கோப்பை
சேலையில் சிந்தியது.
பிறகு என்ன நடந்தது தெரியாது,
என் கண்ணில் மேடை வெளிச்சம்.

பங்குனியில் கணக்காய்வுக் கடிதம்.
தேநீர் எண்பத்தெட்டு. கையொப்பம் எண்பத்தேழு.
வித்தியாசத்துக்கு எழுத்தில் விளக்கம் தருக.

நாங்களே ஒண்டு வைச்சா முடிஞ்சுது, என்றாள் ஜெசீமா.
பேனையைத் திறந்துவிட்டாள்.
என்ன பெயர் போடுவது?
அவவிடம் பெயரை
ஒருவரும் கேட்டிருக்கவில்லை.
மூன்று பேரும் அந்த வெறுங்கோட்டைப் பார்த்தபடி இருந்தோம்.
பேனை மூடப்பட்டது.

ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கட்டினேன்,
வங்கிக் கட்டணம் நூறு.

பதாகை இப்போது சல்லியில்
ஒரு படகு எஞ்சினைப் போர்த்திருக்கிறது.
இலச்சினை தெளிவாகத்தான் தெரிகிறது.

புது வருசத்துப் படிவம் வந்திருக்கிறது.
பார்வையாளர் நூறு,
சிற்றுண்டி நூற்றொன்று என்று போட்டேன்.
பிழை விட்டிட்டாய், என்று அழிறப்பரை எடுத்த கேதாரன்
என் முகத்தைப் பார்த்துவிட்டு
மேசையில் வைத்தான்.