மூன்றாம் வேற்றுமை

திங்கட்கிழமை குறைதீர் நாள்.
மஞ்சக்குப்பத்தில் என் ஜெராக்ஸ் கடை முன்னால்
ஏழு மணிக்கே செருப்புகள் வரிசையில் நிற்கும்,
ஆட்கள் டீக்கடையில்.
பக்கம் இரண்டு ரூபாய்.
மனு எழுதித்தர நாற்பது.

பெஞ்சில் அந்த மூவர்.
இந்த நாட்டை ஆண்டவர்களில்
ஆறாத கேடு செய்தவர் யார்?
பதினோரு வருடமாக வாய்தா வாங்கும் வழக்கு.
பெயர் சொல்லக் கூடாது.
போன தேர்தலில் ஒரு பெயருக்காக
இரண்டு கண்ணாடி டம்ளர் உடைந்தபோது
கடைக்காரர் போட்ட சட்டம்:
"ஆளை விடுங்க. செஞ்சதை மட்டும் பேசுங்க."

தணிகாசலம் கேப்பர் மலை ஜெயிலில் வார்டராக இருந்தவர்.
"விசாரணை இல்லாம வந்து குவிஞ்சாங்களே, அந்த வருஷம்.
ஒருத்தனுக்கு விடுதலை. கதவைத் திறந்துட்டேன்.
நின்னுட்டே இருக்கான்,
நான் 'போடா'ன்னு சொல்றவரைக்கும்.
அவன் மகனும் இப்ப அப்படித்தான்
ரேஷன் கடையில நிக்கிறான்."

தாவூது மரைக்காயருக்குப் பரங்கிப்பேட்டையில் ஐஸ் வியாபாரம்.
"ராத்திரி எட்டு மணிக்கு டிவியில பேசினதை விட்டுட்டீங்களே.
மீன் இருக்கு, செல்லுற நோட்டு இல்ல.
கடல் கொடுத்ததைக் கரையிலயே புதைச்சோம்.
என் மச்சான் அன்னிக்கு வாங்கின கடன்
செத்துப்போச்சு, வட்டி உயிரோட இருக்கு."

எழிலரசு ஆட்டோவிலிருந்து இறங்காமலே பேசுவான்.
"தீவுக்குப் பட்டாளம் போச்சே?
எங்க சித்தப்பா ஒத்தைக் காலோட வந்தாரு.
எதுக்குப் போனோம்னு
இன்னிக்கும் அவருக்கே தெரியாது.
மெடல் இருக்கு, பீரோவுல."

பிறகு அளவுகோலுக்குச் சண்டை.
தலையை எண்ணுவதா, வருஷத்தை எண்ணுவதா.
தெரிந்து செய்தவன் பெரியவனா, தெரியாமல் செய்தவனா.
தெரியாம செஞ்சவன்தான், என்றார் மரைக்காயர்,
அவனுக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வரும்.

அப்போது காசாம்பு வந்தாள்,
சிப்காட்டுக்குப் பின்புறத்து ஊர்.
கையில் பிளாஸ்டிக் பை, அதில் ஒன்பது மனு,
போர் தண்ணீர் அடைத்த ஒரு பாட்டில்.
பாட்டிலை உள்ளே விட மாட்டேன் என்றாராம் போலீஸ்காரர்.
வந்த பதிலைப் படிக்கச் சொன்னாள்.
படித்தேன்:
"தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு
முடித்துவைக்கப்பட்டது."

"யாரு முடிச்சது?"

எட்டாம் வகுப்பில் இலக்கணத்தில்
நான் நூற்றுக்குத் தொண்ணூறு.
'வந்தான்' என்றால் ஆள் தெரியாவிட்டாலும்
வாலில் ஓர் 'ஆன்' ஒட்டியிருக்கும், பிடித்துவிடலாம்.
இதன் வாலைப் பிடித்தால் 'அது'.
அது என்றால் மனு.
மனு தானே தன்னை முடித்துக்கொண்டு
தூக்கில் தொங்குகிறது.
'ஆல்' என்று ஓர் உருபு வர வேண்டிய இடத்தில்
ரப்பர் ஸ்டாம்பு.

"தெரியல அக்கா," என்றேன்.

அவள் பெஞ்சைப் பார்த்துக் கேட்டாள்,
"நீங்க பேசிக்கிறீங்களே, அவங்கள்லாம்
இன்னும் இருக்காங்களா?"
"ஒருத்தர் செத்தாச்சு, ஒருத்தர் தோத்தாச்சு..."
"அப்ப இப்ப செய்யறது யாரு?"

தணிகாசலம் டீயைச் சுழற்றினார்.
எழிலரசு மட்டும் யோசித்துச் சொன்னான்,
"ஃபேக்டரி, தண்ணி எல்லாம்
மாநிலத்துக்குக் கீழ வரும்க்கா.
நம்ம போட்டியில சேராது."
மரைக்காயர் மத்திய அரசின் அனுமதி என்று ஆரம்பிக்க
நான்காவது வேட்பாளர் உள்ளே வந்தார்.

பத்தாவது மனுவைத் தட்டினேன்.
கடைசி வரி, விரல் பழக்கத்தில்,
"நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."
எத்தனை ஆயிரம் பேருக்கு இதை எழுதியிருக்கிறேன்,
கேட்பவரையும் காணாமல் போக்கி.

அழிக்க நேரமில்லை. டோக்கன் கூப்பிட்டுவிட்டார்கள்.
பாட்டில் கசிந்து தாளில் ஒரு வட்டம்,
மூலத்தில் வெளிறிய டீ நிறம்.
மிஷின் மேல் வைத்து அழுத்தினேன்.
எழுத்து கொஞ்சம் மங்கித்தான் வந்தது.
வட்டம் நல்ல கறுப்பு.

நாலு நகல், எட்டு ரூபாய்.
சில்லறையாக எண்ணி வைத்தாள்.