நட்சத்திரம் தெரிகிறதா

குதிரின் அடித்தகட்டை மூடுமுன்
ஃபிதெலினாவை நிற்கவைத்து அவள்மேல் கவிழ்ப்பேன்.
பட்டறையில் அவள்தான் ஒல்லி.
"நட்சத்திரம் தெரிகிறதா?" என்று தகரத்தைத் தட்டிக் கேட்பேன்.
"இடது தோளுக்கு மேலே ஒன்று.
முழங்காலருகே இரட்டை."
அவள் உள்ளிருந்து குத்தும் இடத்தில்
சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவேன்.
ஊசிமுனை வெளிச்சம் போதும்
கூன்வண்டு மூச்சுவிட.
நல்ல குதிருக்குள் வானம் இருக்கக் கூடாது.

எங்கள் மாவட்டத்துக்கும் பணத்துக்கும் ஒரே பெயர்: லெம்பீரா.
மாவட்டம் நகராது, பணம் நிற்காது.
டிசம்பரில் மக்காச்சோளம் மூட்டை முந்நூறு.
விற்காவிட்டால் வண்டு தின்னும்.
விற்றவனே ஜூலையில் எழுநூறு கொடுத்து
அதே சோளத்தை, சில சமயம்
தன் மனைவி தைத்த அதே சாக்கில்,
அபுந்தியோவின் லாரியிலிருந்து இறக்குவான்.
இடையில் என்ன நடந்தது? ஒன்றுமில்லை.
சோளம் ஒரு கூரைக்கடியில் உட்கார்ந்திருந்தது.
அதற்குத்தான் அந்த நானூறு.

நான் விற்பது அந்த உட்காருதலைத்தான்.
இருபத்தாறு கேஜ் தகடு, ஈயம், ஆசிட், கரி அடுப்பு,
மூடி இறுக சைக்கிள் ட்யூப்.
பாதிப் பணம் முன்னால். மீதி
கோழியாக, பீன்ஸாக, ஒருமுறை
பட்டறைச் சுவருக்கு இரண்டு நாள் பூச்சாக.
என் கணக்கு நோட்டைப் பார்த்தால்
வங்கிக்காரன் சிரிப்பான்.
சிரித்தான்.

நவம்பரில் அபுந்தியோ வந்தான்.
லாரியை அணைக்காமலே பேசினான்.
பெரிய குதிர் நான்கு, முழுப் பணமும் இப்போதே,
பத்து நாளில் வேண்டும்.
கிராசியாஸ் தகடுக்கடையில் எனக்குக் கழுத்துவரை கடன்.
நல்லவள் கதையென்றால் இங்கே
அவனைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.
நான் வாங்கி எண்ணினேன்.
இரண்டு முறை எண்ணினேன்.
அந்தக் காசில் ஒன்பது வீட்டுக்குத் தகடு வந்தது,
அதையும் எழுதிவைக்கிறேன்
தராசின் இந்தத் தட்டில்.

குதிர் நிறைந்ததும் சோளத்தின்மேல்
ஒரு மெழுகுவத்தி ஏற்றி மூடச் சொல்வேன்.
சுடர் உள்ளிருக்கும் காற்றைத் தின்று அணையும்,
பிறகு வண்டு அணையும்.
குதிர் காலியாகும் நாளில்
மிச்ச மெழுகை என்னிடம் கொடுப்பது, யார் தொடங்கியதோ,
வழக்கமாகிவிட்டது.
ஜன்னலில் அடுக்கியிருக்கிறேன்:
அடிவரை வழித்துச் சாப்பிட்ட வீடுகள்.

இந்த ஜூலையிலும் லாரி வந்தது.
போன வருடம் வரிசை தேவாலயப் படிவரை,
இம்முறை ஆறு பேர்.
அபுந்தியோ அறுநூறு என்றான், ஐந்நூற்றைம்பது என்றான்,
மதியத்துக்குமேல் அடுத்த ஊருக்குப் போனான்.
அங்கே தகரக்காரி இல்லை.
அவன் சோளத்தில் வண்டும் இல்லை. என் குதிர் அல்லவா.

மாலையில் எலுதேரியோ வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.
மேசையில் வைத்ததில் மெழுகே இல்லை,
கருகிய திரி ஒட்டிய ஒரு சோடா மூடி மட்டும்.
கடைசிவரை எரிந்திருக்கிறது.
சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி சோளம் எடுத்தார்.
மணிக்கு ஓர் ஓட்டை. விரலிடுக்கில் மாவு உதிர்ந்தது.

நோட்டைப் புரட்டினேன்.
அவர் குதிர், நவம்பர் பத்தொன்பது.
அபுந்தியோவின் நான்காவது முடிந்த அதே நாள்.
அந்த நான்கிலும் நின்று நின்று
ஃபிதெலினா சோர்ந்துபோயிருந்தாள்.
அவருடையதை வெளியிலிருந்தே தட்டிப் பார்த்து
"சரி" என்று எழுதியிருக்கிறேன்.
என் கையெழுத்து அழகாகவே இருக்கிறது.

எங்கள் வீட்டுக் குதிரின் வாயைத் திறந்தேன்.
அவர் சாக்கைப் பிடித்தார். போதும் என்று
அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் அவர் முற்றத்தில் அடித்தகட்டைப் பிரித்து
இம்முறை நானே உள்ளே நின்றேன்.
நான் ஒல்லியில்லை. தகரம் தோள்களை உரசியது.
உள்ளே இன்னும் மாவு வாசனை.
வெளியே அவர் தட்டினார்.
"தெரிகிறதா?"
"தெரிகிறது" என்றேன்.
"ஏழு. பொறுங்கள்,
எட்டு."