பூஜ்யம் புள்ளி இரண்டு

கோட்டுக்கு நீளம் உண்டு,
அகலம் கிடையாது
என்று எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தேன்.
அதை நம்பித்தான் இந்த வேலைக்கும் வந்தேன்.

நில அளவை அலுவலகம், இரண்டாம் மாடி.
சாய்வுப் பலகை, டிரேசிங் தாள்,
பேனா முனை பூஜ்யம் புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
அதைவிட மெல்லியது
அலுவலகத்தில் வாங்கித் தருவதில்லை.

முள்ளோடைப் பக்கத்து எல்லையை
வரைந்துகொண்டிருந்த மதியம்
சும்மா ஒரு கணக்குப் போட்டேன்.
இரண்டாயிரத்துக்கு ஒன்று அளவுத்திட்டம்.
என் கோட்டின் கனம்
தரையில் நாற்பது சென்டிமீட்டர்!

அதில் என்னவெல்லாம் கிடக்கிறதென்று பார்க்க
செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டியில் போனேன்.

கலிவரதன் வீட்டுக் குளியலறைச் சுவர்,
அதில் சாய்த்த சைக்கிள்,
ஒரே வரிசையாய்க் கனகாம்பரம்,
ஒருக்களித்துப் படுத்த நாய்.
அது வாலை ஆட்டும்போதெல்லாம்
வால் மட்டும் கடலூர் போய்த் திரும்பியது.

"மேடம், அப்ப நான் எந்தப் பக்கம்?"
"மைக்குள்ள இருக்கீங்க."
சிரித்தார்.
தமிழ்நாட்டில் கொதித்த டீயை
புதுச்சேரியில் உட்கார்ந்து குடித்தேன்.
சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

அகராதி வேறு
என்னைக் கைவிட்டிருந்தது.
கோடுதல் என்றால் வளைதலாம்.
கோடு என்றால் கொம்பு, தந்தம், மரக்கிளை, ஆற்றங்கரை.
நேரானது ஒன்றுகூட இல்லாத சொல்லை
ஸ்கேல் வைத்து
இழுத்துக்கொண்டிருக்கிறேன்
பதினோரு வருஷமாய்.

பெண்ணையாறு அப்படி இழுப்பதில்லை.
வெள்ளத்துக்கு வெள்ளம் அழித்து எழுதுகிறது.
போன மழையில் புதைந்த எல்லைக் கல்லை
ஆட்டுக்காரப் பையன் ஒருவன்
குதிகாலால் தட்டிக் காட்டினான்.

திரும்பும் வழியில் நரம்பைக் கடற்கரை.
தூரத்தில் ஒரு கோடு இருந்தது,
நிஜமாகவே அகலமில்லாமல்.
ஒரு ஃபைபர் படகு அதை நோக்கிப் போனது.
போகப் போக
அதுவும் தள்ளிப் போனது.
அந்தப் பக்கம் யார் வீட்டுச் சுவரும் இல்லை.

மறுநாள்
கலிவரதன் வீடு வந்ததும் பேனாவைத் தூக்கினேன்.
ஒரு நூலளவு விட்டு
அப்பால் தொடர்ந்தேன்.

அமலோற்பவநாதன் சார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"இங்க விட்டுப்போச்சே?"
"பேனா அடைச்சுக்கிச்சு சார்."
"இழுத்து விட்டுடுங்க."

இழுத்தேன்,
நாய் இந்நேரம்
எழுந்து போயிருக்கும் என்று
நினைத்துக்கொண்டு.