கூரையின் தன்மை

வேலந்தாவளம் சாவடி தாண்டி
இரண்டாவது வளைவில் செலினா தியேட்டர்.
இப்போதைக்கு நாலு சுவர்,
எழுநூற்றுப் பன்னிரண்டு நாற்காலி,
மேலே வானம்.

படிவத்தின் ஒன்பதாம் கட்டம் கேட்கிறது:
கூரையின் தன்மை?
பழையதை எழுதினால் பொய்.
புதியதை எழுதினாலும் பொய்,
கஞ்சிக்கோட்டில் தகரம் இன்னும் லாரி ஏறவில்லை.
இரண்டு நாள் யோசித்து 'இல்லை' என்று எழுதினேன்.
மலையாளத்தில் வேண்டும் என்று திருப்பினார்கள்.
'இல்ல' என்று எழுதிக் கொடுத்தேன்.
ஒரு கொம்பு குறைந்தது.
இரு மாநிலத்துக்கும் நடுவே அவ்வளவுதான்.

ஆஸ்பெஸ்டாஸை நனைத்து இறக்கு, உடைக்காமல் இறக்கு,
இரண்டு சுற்று பாலித்தீனில் கட்டு,
மண்டையோட்டுச் சீட்டு ஒட்டு.
கோழிப்பண்ணைக்காரர் வந்து நின்றார்:
'நாப்பது சீட் குடுங்க, கோழிக்கு ஏதுங்க சட்டம்?'
கொடுக்கவில்லை.
கொடுத்திருப்பேன்,
எண்ணிக்கை பதிவேட்டில் ஏறிவிட்டது.

ஜெஸீலா மேடம் ஆய்வுக்கு வந்த அன்று
காற்று வாங்கியது போதுமென்று பூனை ஒன்று
பால்கனி முன்வரிசையில் படுத்திருந்தது.
மேடம் வெளிவாசல் கதவைத் தள்ளினார்.
உள்பக்கம் திறந்தது.
'இது கதவல்ல' என்றார், 'இதொரு அடப்பு.'
எழுதிக்கொண்டார்.
பிறகு கேட்டார்:
பெல்ட் எத்தனை?
பன்னிரண்டு.
மேலே ஏறும் ஆள்?
பன்னிரண்டு.
பதிவேட்டில் என் கையெழுத்தும் பன்னிரண்டு,
எறும்பு வரிசை மாதிரி.
அலமாரியைத் திறந்து ஒரு பெல்ட்டை எடுத்தார்.
பிளாஸ்டிக் உறை கிழியவே இல்லை.
முகர்ந்து பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் அதே இடத்தில் வைத்தார்.
'நாளைக்கு வரேன்.'

கொல்லங்கோட்டுக் கல்யாண மண்டபத்திலும்
பதிவேடு நான்தான் எழுதினேன்.
பழைய சீட் உடையும்போது சத்தம் போடாது.
வேலாண்டி ஸ்பானர் கேட்டுக்கொண்டிருந்தார்.
'ஸ்பா' வரை காதில் விழுந்தது.
விசாரணையில் என் பக்கங்களைப் புரட்டி
ஆவணங்கள் ஒழுங்கு என்று முடித்தார்கள்.
உண்மைதான்.
இவ்வளவு ஒழுங்காக நான் வேறெதுவும் எழுதியதில்லை.

இப்போது அவர் சாவடி ஓரம்
மூன்று சக்கர வண்டியில் லாட்டரி விற்கிறார்.
கோயம்புத்தூர்க்காரர்கள் பைக்கை நிறுத்தி வாங்குகிறார்கள்.
தினமும் ஒன்று நானும் வாங்குகிறேன்.
மீதிச் சில்லறையை எண்ணித் தருவார்.
'கூரை எப்பங்க முடியும்?' என்பார்.
வேறெதுவும் கேட்டதில்லை.

அன்று இரவு பன்னிரண்டு உறையையும் கிழித்தேன்.
பல்லால்.
கத்தரி பக்கத்திலேயே இருந்தது.

கூரை விழுமென்று மற்ற ஊர்க்காரர்கள் பயப்படுவார்கள்.
கணவாய்க்காரர்களுக்குத் தெரியும்,
கூரை பறக்கும்.
வாளையாற்று இடைவெளியில் புகுந்த காற்று
தகரத்தின் அடியில் விரலை விட்டுப் பார்க்கும்,
எங்கே பிடி தளர்வு என்று.
அதனால் அடிக்கு ஒரு திருகு,
ஓரத்தில் அரையடிக்கு ஒன்று.
வரைபடம் சொல்வது நாலாயிரத்து அறுபது.

தகரம் ஏறிய மூன்றாம் நாள்
இடுப்பில் பெல்ட்டோடு நானே போனேன்.
கொக்கி உயிர்க்கயிற்றில் மாட்டும் சத்தம்
எனக்குப் புதிது.
எண்ணினேன், ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து.
ஆட்கள் கீழே சிரித்தார்கள்.
மதியச் சாப்பாட்டுக்கு இறங்கவில்லை.

முந்நூற்றுப் பதினேழாவது
சும்மா சுற்றியது.

யாரும் பார்க்கவில்லை.
ஒரு சொட்டுப் பசை போட்டால் நின்றுவிடும்.
சாவடிப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில்
வேலாண்டியின் குரல் வந்தது:
இன்னைக்குக் குலுக்கல், இன்னைக்கே, மூணு மணிக்கு.

திருகைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.
அங்கே ஏற்கெனவே ஒரு சீட்டு இருந்தது.
ஓட்டை வழியாக உள்ளே பார்த்தேன்.
ஒரு நாற்காலி தெரிந்தது,
அதன்மேல் காசளவு வெயில்.