ஓர் அசை

வார்சாவில், ஆற்றுக்குக் கிழக்கே,
பழைய ரொட்டி ஆலையின் நிலவறையில் என் வேலை.
அயல்நாட்டுத் தொடர்களுக்கு எங்களிடம் ஒரே குரல்தான்.
அரசனுக்கும் நான், அவனைக் குத்துகிறவனுக்கும் நான்,
பிள்ளை பெறுகிறவளுக்கும் நானே.
குதிரைகள் மட்டும் சொந்தக் குரலில் கனைக்கும்.

உணர்ச்சி கூடாது என்பது விதி.
ஆணி எண்ணிப் போடும் கடைக்காரனைப் போல
வாசித்துவிட்டுப் போக வேண்டும்.
இருபத்தாறு வருஷமாக எண்ணிப் போடுகிறேன்.

எண்ணுகிறவனுக்குத்தான் கணக்கு உதைக்கும்.

இந்தக் குறிகாரனைப் பாருங்கள்.
உறைந்த ஏரிக்கு அடியில் இருக்கிறான்.
நடந்தது, நடப்பது, நடக்கப்போவது
எல்லாம் அவன் தலைக்குமேல் மீனாக நீந்தும்.
இரண்டாவது சீசனில்
இமையை மூடி ஓர் ஈட்டியை நிறுத்தினான்.
நான்காவதில் ஊரே எரிந்தபோது
கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.
கனவில் வந்து பேசத் தெரிந்தவன்
கடிதத்தை ஏன் காக்கையிடம் கொடுத்தான்?
காக்கை வழியில் செத்தது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

போகட்டும், காக்கைதானே.

ஆனால் அவனைப் பல்லக்கில் வைத்துப்
பனிக்கணவாய் தாண்டித் தூக்கிப் போனார்கள் பன்னிரண்டு பேர்.
ஒவ்வொரு சாவையும் நான்தான் வாசித்தேன்.
கடைசியாக மெல்வா, பத்தொன்பது வயது.
"கால் தெரியவில்லை" என்றாள்.
"என் கால் எங்கே" என்றாள்.
ஐந்தாவது சீசன், முதல் காட்சி:
குறிகாரன் கண்ணை மூடித் திறக்கிறான்,
தெற்கே அரண்மனை முற்றத்தில் நிற்கிறான்.
தனியாக. செருப்பில் ஈரம்கூட இல்லை.

ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்டேன்,
"அப்போது பல்லக்கு எதற்கு?"
கண்ணாடிக்கு அப்பால் பொக்னா தேநீரை ஊதினாள்.
"கதைக்கு எதற்கு என்கிறாயா, அவனுக்கு எதற்கு என்கிறாயா?"
"மெல்வாவுக்கு எதற்கு என்கிறேன்."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்:
லெஷெக்கைப் புதைத்த அன்று பாதிரியாரும்
எல்லாம் நடக்க வேண்டியபடியே நடக்கிறது என்றார்.
மத்தியானம் சூப்பில் உப்பில்லை என்று சத்தம் போட்டார்.

நாற்பத்தோராம் நிமிடம்.
மெல்வாவின் தாய், கையில் அந்தப் பல்லக்கின் ஒரு கொம்பு,
கேட்கிறாள்: உனக்குத் தெரியுமா?
கேள்வியும் நான்.
தாளில் அவன் பதில்: தெரியும்.
பதிலும் நான்.

எங்கள் மொழியில் இல்லை என்று சொல்ல
ஓர் அசை போதும், வினைக்கு முன்னால்,
கதவில் ஒரு விரல் தட்டுவதுபோல.

தட்டினேன்.

என் குரலுக்கு அடியில் அந்த நடிகன்
தன் மொழியில் ஏதோ முனகினான்.
அவன் வாய் ஒத்துக்கொள்ளவில்லை.
தாய் அழுதாள், அவள் குரலிலேயே.
அழுகையை நாங்கள் வாசிப்பதில்லை.

பொக்னாவின் விரல் பின்னோட்டப் பொத்தான்மேல் இருந்தது.
அங்கேயே இருந்தது.
"எச்சிலை விழுங்கு" என்றாள்,
"சத்தம் கேட்கிறது. அடுத்த தாள்."