கூலி பேசாத மூட்டை

அடிவாரத்தில் சப்பையாய் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்
இருபதாவது வளைவில் உப்பிவிட்டது.
சீரங்கன் தட்டிப் பார்த்தான்: மத்தளம்.
உள்ளே சேலத்தில் அடைத்த காற்று;
மேலே அதை அமுக்க ஆள் குறைவு.

ஏற்காட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு
காலி பாட்டிலை இறுக்கித் திருகினோம்.
இறங்க இறங்க
மடியில் படக், படக்.
கீழே வந்து பார்த்தால்
இடுப்பொடிந்து கிடக்கிறது.
யாரும் மிதிக்கவில்லை.

காற்றுதான் என்றேன்.
விரித்த உள்ளங்கை மேல்
ஏறக்குறைய ஒரு அரிசி மூட்டைக் கனம்.
அடியிலிருந்தும் அதே காற்று முட்டுக்கொடுப்பதால்
தெரிவதில்லை.

முப்பது வருஷமாய்
செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை இறக்குகிறவன்
கையை விரித்து வைத்துக்கொண்டு
வெகுநேரம் பேசவில்லை.

"இதுக்குக் கூலியே பேசலையேடா."

அஸ்தம்பட்டியில் இறங்கும்போது பார்த்தேன்,
நசுங்கிய பாட்டிலைத்
துண்டில் சுற்றி வைத்திருந்தான்.